கருமணலும் வெண்மணலும்: மீன்தொட்டி நிறங்களின் வரலாறு, வலியசாலையிலிருந்து

மீன்தொட்டியின் அடியில் எந்த நிற மணலைப் பரப்புவது, பின்கண்ணாடிக்கு எந்த நிறத்தைக் கொடுப்பது என்னும் கேள்விகள் வீட்டு அலங்காரத்தைச் சேர்ந்த சிறு விஷயங்களாகவே பெரும்பாலும் கருதப்படுகின்றன. ஆனால் அவற்றுக்குப் பின்னால் சீனத்துத் தாழிகளில் தொடங்கி, 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் வரவேற்பறைகள், இத்தாலியின் நேப்பிள்ஸ் ஆய்வகம், சென்னைக் கடற்கரை, திருவிதாங்கூரின் கருமணல் ஆகிய பலவற்றைத் தொட்டுச் செல்லும் வரலாறு ஒன்று உண்டு. பார்ப்பவர் கண்ணுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டு வந்த நிறம் மெல்ல மெல்ல மீனின் கண்ணுக்காகவும் தேர்ந்தெடுக்கப்படத் தொடங்கியது என்பதே அவ்வரலாற்றின் முக்கியமான திருப்பம். இதைத் திருவனந்தபுரத்து வலியசாலையை மையமாக வைத்துப் பார்ப்பதற்கு நியாயம் இருக்கிறது: அங்கிருந்து வடக்கிலும் தெற்கிலும் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவுக்குள் கருப்பு, சிவப்பு, மஞ்சள், வெள்ளை என இயற்கையாகவே நிறம் பெற்ற மணல் வகைகள் கிடக்கின்றன, உலகெங்கும் தொட்டிகளில் வளர்க்கப்படும் மீன்கள் சிலவற்றின் பிறப்பிடமும் இதே நாட்டின் ஓடைகளும் காயல்களுமே.

வலியசாலை, சாலைக் கடைவீதியை அடுத்து அமைந்த பழைய தமிழ் அக்கிரகாரம். அங்குள்ள மகாதேவர் கோயில் காந்தளூர் மகாதேவர் கோயில் என்றும் வழங்கப்படுவதால், முதலாம் இராசராசனின் மெய்க்கீர்த்தியில் வரும் காந்தளூர்ச் சாலை இவ்விடமே என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. விழிஞ்ஞத்தைச் சுட்டுவோரும் உண்டு. ஊரை ஒட்டி ஓடும் கிள்ளியாறு, கரமனை ஆற்றின் துணையாறு. திருவனந்தபுரத் தெருக்களில் மின்விளக்கு எரியத் தொடங்கியது 1929இல். அருவிக்கரையில் தேக்கிய கரமனை ஆற்று நீர் குழாய் வழியே நகரத்துக்கு வந்தது 1933இல். இவை இரண்டும் வந்த பிறகுதான், அதுவரை கிணற்றிலும் குளத்திலும் மேலிருந்து மட்டுமே பார்க்கப்பட்ட மீனை, விளக்கொளியில் பக்கவாட்டிலிருந்து பார்க்கும் கண்ணாடித் தொட்டி நகரத்து வீடுகளுக்குள் நிலைத்து நிற்க வழி பிறந்தது.

மேலிருந்து பார்ப்பதற்கும் பக்கத்திலிருந்து பார்ப்பதற்கும் உள்ள இந்த வேறுபாடு நிறத்தின் வரலாற்றில் மிக முக்கியமானது. சீனாவில் சோங் அரச மரபின் காலத்திலேயே குளங்களில் வளர்க்கப்பட்ட தங்கமீன், மிங் காலத்தில் தாழிகளுக்கும் பீங்கான் தொட்டிகளுக்கும் இடம்பெயர்ந்தது. 1596ஆம் ஆண்டிலேயே செந்நிறத் தங்கமீன்களைப் பற்றித் தனி நூல் எழுதும் அளவுக்கு அந்தக் கலை அங்கே வளர்ந்திருந்தது. தாழியில் மீனுக்கு அடித்தளமும் பின்புலமும் ஒன்றே. மேலிருந்து குனிந்து பார்ப்பவருக்குத் தாழியின் உட்புற நிறமே மீனுக்குப் பின்னால் தெரியும். சிவந்த மீனைக் கருமையான தாழியில் வைத்தால் அதன் நிறம் எடுப்பாகத் தெரிகிறது என்பதோடு, நாளடைவில் அந்த நிறம் ஆழமாகவும் ஆகிறது என்பதைக் கிழக்காசிய வளர்ப்பாளர்கள் பழக்கத்தால் அறிந்திருந்தனர். சப்பானில் மெடாக்கா என்னும் சிறு மீனைக் கருநிறத் தொட்டிகளில் வளர்க்கும் வழக்கம் இன்றும் தொடர்கிறது.

கண்ணாடித் தொட்டி ஐரோப்பாவின் பங்களிப்பு. இங்கிலாந்து வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன் 1850இல், மீன், நத்தை, நீர்த்தாவரம் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு நீரை மாற்றாமலே நெடுநாள் வாழ முடியும் என்று காட்டினார். அவருடைய பாத்திரத்தின் அடியில் மணலும் சேறும் சுண்ணாம்புக்கல்லும் கிடந்தன; மணல் அங்கே அழகுக்காக இடப்படவில்லை, தாவரம் வேர்பிடிப்பதற்காக இடப்பட்டது. 1853இல் இலண்டன் விலங்குக் காட்சிசாலையில் பொதுமக்களுக்கான மீன் மண்டபம் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டில் ஃபிலிப் ஹென்றி காஸ் எழுதிய நூலுக்குப் பிறகு ‘அக்வேரியம்’ என்னும் சொல்லும் அந்தப் பொழுதுபோக்கும் நடுத்தர வர்க்க வீடுகளில் பரவின. அக்காலத் தொட்டிகளில் அடித்தளமும் சில வேளைகளில் பின்பக்கமும் பலகைக்கல்லால் ஆனவை. கரும்பலகைக்குப் பயன்படும் அதே கருஞ்சாம்பல் நிறக் கல்லாகையால், முதல் தலைமுறைத் தொட்டிகளின் பின்புலம் எவரும் திட்டமிடாமலே கருமையாக அமைந்தது. அது பொருத்தமான தற்செயல். கண்ணாடி மலிவாகி நான்கு பக்கமும் கண்ணாடியான பின்புதான், பின்னால் என்ன நிறம் வைப்பது என்னும் கேள்வியே எழுந்தது.

1874இல் ஆன்டன் டோர்ன் நேப்பிள்ஸில் திறந்த கடலுயிர் ஆய்வு நிலையத்தின் காட்சிக்கூடம் இதற்கு விடை ஒன்றைத் தந்தது. பார்வையாளர் நிற்கும் கூடம் இருட்டாகவும், தொட்டிகள் மட்டும் மேலிருந்து விழும் வெளிச்சத்திலும் இருக்க, அவற்றின் உட்சுவர்களில் எரிமலைப் பாறைகள் பதிக்கப்பட்டன. ஒளியை விழுங்கும் அக்கரடுமுரடான கரும்பரப்பின் முன்னே கடல் மீன்களின் நிறங்கள் தெளிந்து தெரிந்தன. உலகின் பொதுக் காட்சியகங்கள் பலவும் இன்றுவரை பின்பற்றும் அமைப்பு இது. இந்தியாவின் முதல் கடல் மீன் காட்சியகம் சென்னை மெரினா கடற்கரையில் 1909இல் திறக்கப்பட்டது. அதன் தொடக்கத்தில் சென்னை அருங்காட்சியகத் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டனுக்குப் பெரும் பங்கு உண்டு. 1937இல் நிறுவப்பட்ட திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தின் கடலுயிரியல் துறை, திருவனந்தபுரம் கடற்கரையில் ஆய்வகத்தோடும் மீன் காட்சியகத்தோடும் இயங்கியது. பிற்காலத்தில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் விழிஞ்ஞம் மையத்தில் ‘சாகரிகா’ காட்சியகம் அமைந்தது. வலியசாலையில் வாழ்ந்த ஒரு குடும்பத்துக்குக் கடலடியைக் கண்ணாடி வழியே காணும் வாய்ப்பு இவ்வாறு மூன்று தலைமுறைக்கும் மேலாகவே எட்டும் தொலைவில் இருந்துவந்திருக்கிறது.

அடித்தள நிறம் மீனுக்குள் என்ன செய்கிறது என்பதை அறிவியல் ஆராயத் தொடங்கியதும் ஏறத்தாழ இதே காலத்தில்தான். 1870களில் பிரெஞ்சு உயிரியலாளர் ஜார்ஜ் பூஷே, தரையின் நிறத்துக்கேற்பத் தன் நிறத்தை மாற்றும் தட்டைமீன், கண்பார்வையை இழந்தால் அந்த ஆற்றலையும் இழந்துவிடுவதைக் கண்டறிந்தார். அதாவது நிறம் மாறுவது தோல் என்றாலும் அதற்கு ஆணையிடுவது கண். 1911இல் அமெரிக்கரான ஃபிரான்சிஸ் சம்னர், அதே நேப்பிள்ஸ் நிலையத்தில் தட்டைமீன்களைக் கட்டம் போட்ட தரை, புள்ளியிட்ட தரை, வெறுந்தரை என்று வெவ்வேறு பரப்புகளின் மேல் வைத்துப் படமெடுத்து, அவை நிறத்தை மட்டுமன்றி தரையின் கோலத்தையும் ஓரளவு பின்பற்றுவதை வெளியிட்டார். 1930களில் அவர் செய்த மற்றொரு சோதனை இன்னும் தெளிவானது: கொசுமீன்களைக் கருந்தொட்டியிலும் வெண்தொட்டியிலும் பல வாரங்கள் வளர்த்து, பிறகு இரு வகையையும் ஒன்றாகவிட்டு மீனுண்ணும் பறவைகளுக்கு இரையாக்கியபோது, தரைக்குப் பொருந்தாத நிறத்தில் இருந்தவையே அதிகமாகப் பிடிபட்டன. கம்பூசியா எனப்படும் இந்தக் கொசுமீன், கொசுப்புழுக்களை ஒழிப்பதற்காக 1928இல் இந்தியாவுக்கு வந்து, ஊர்க் கிணறுகளிலும் குட்டைகளிலும் விடப்பட்ட அதே மீன்தான்.

இந்த மாற்றம் இரண்டு வேகங்களில் நடக்கிறது. மீனின் தோலில் கருநிறத் துகள்களைக் கொண்ட நிறமி அணுக்கள் உள்ளன. துகள்கள் அணுவெங்கும் பரவினால் மீன் கருக்கும், நடுவில் திரண்டால் வெளுக்கும். நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ முடியும் மாற்றம் இது. வெண்தரையில் வாழும் மீனின் உடலில் துகள்களைத் திரளச் செய்யும் இயக்குநீர் சுரக்கிறது; சால்மன் மீனின் பிட்யூட்டரிச் சுரப்பியிலிருந்து அதைச் சப்பானிய ஆய்வாளர்கள் பிரித்தெடுத்து அமைப்பை வெளியிட்டது 1983இல். மற்ற மாற்றம் மெதுவானது: வாரக்கணக்கில் ஒரே தரையின் மேல் வாழும்போது நிறமி அணுக்களின் எண்ணிக்கையே கூடவோ குறையவோ செய்கிறது. எனவே வெள்ளை மணல் பரப்பிய தொட்டியில் மீன் வெளிறித் தெரிந்தால், அது விளக்கின் மாயமன்று. மீன் உண்மையாகவே வெளுத்திருக்கிறது. சிவப்பும் மஞ்சளும் வேறு வகை: அவற்றுக்குரிய கரோட்டினாய்டு நிறமிகளை மீன் உணவிலிருந்தே பெறவேண்டியிருப்பதால், எத்தகைய மணலாலும் அவற்றை உண்டாக்க முடியாது, எடுத்துக்காட்ட மட்டுமே முடியும்.

இதனோடு ஒளியின் திசையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலான மீன்களுக்கு முதுகு கருமையாகவும் வயிறு வெளுப்பாகவும் இருப்பதன் காரணத்தை அமெரிக்க ஓவியர் ஆபட் தேயர் 1896இல் விளக்கினார்: மேலிருந்து விழும் ஒளி முதுகை வெளுப்பாக்கி வயிற்றில் நிழல் படரச் செய்வதால், எதிரெதிரான அவ்விரு நிறங்களும் அதை ஈடுசெய்து மீனின் உருவத்தையே மறைத்துவிடுகின்றன. வெண்மணல் மேல் இந்தக் கணக்கு தவறுகிறது. கீழிருந்தும் ஒளி தெறிப்பதால் நிழல் விழவேண்டிய வயிறு பளிச்சிட, மறைப்பதற்கு ஏதுமில்லாத வெளியில் மீன் நிற்கிறது. கூச்ச இயல்புள்ள ஓடைமீன்கள் வெண்மணல் தொட்டிகளில் மூலையிலோ செடிக்குப் பின்னாலோ ஒடுங்கிக் கிடப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். கோலத்துக்குச் சாணம் மெழுகிய கருந்தரை எப்படியோ, அப்படி மீனுக்கு மங்கிய தரை: அதன் மேல்தான் அது தன் நிறத்தோடு துலங்கும்.

திருவிதாங்கூரின் மணல் வரலாறு இங்கேதான் இந்தக் கதையோடு சேர்கிறது. கன்னியாகுமரியில் கருப்பு, சிவப்பு, வெள்ளை மணல்களைச் சிறு பொட்டலங்களாக விற்கும் வழக்கம் பழையது. குமரித் தெய்வத்துக்கும் சுசீந்திரத்து இறைவனுக்கும் நடக்கவிருந்த திருமணம் தடைபட்டதால், விருந்துக்கென வைத்திருந்த அரிசியும் தானியங்களும் சமைக்கப்படாமலே மணலாயின என்று ஊர்க்கதை சொல்லும். கனிமவியல் சொல்லும் கதையும் அதற்குக் குறைந்ததன்று. மேற்குத் தொடர்ச்சி மலையின் தொன்மையான பாறைகள் சிதைந்து ஆறுகள் வழியே கடலுக்கு வந்த துகள்களை, அலைகள் எடைவாரியாகப் பிரிக்கின்றன. பளிங்குமணலான குவார்ட்சின் ஒப்படர்த்தி, அதாவது நீரோடு ஒப்பிட்ட எடை, 2.65, சிவந்த கார்னெட்டுக்கு ஏறத்தாழ 4, கரிய இல்மனைட்டுக்கு 4.7, மஞ்சள் பழுப்பான மோனசைட்டுக்கு ஏறத்தாழ 5. அலை திரும்பும்போது இலேசான வெண்மணலை இழுத்துச் சென்று கனமான கருமணலைக் கரையில் விட்டுச் செல்வதால், மணவாளக்குறிச்சியிலும் சவறையிலும் கரிய பட்டைகள் படிந்தன. 1909இல் ஜெர்மன் வேதியியலாளர் ஷோம்பர்க், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டறிந்த பின்னர், அதிலுள்ள தோரியத்துக்காக, அதாவது எரிவாயு விளக்கின் வலைத்திரிக்காக, அக்கரை உலகச் சந்தைக்குள் இழுக்கப்பட்டது.

இந்த மணல்களின் பிற்காலப் பயன்கள் மீன்தொட்டியோடு நேரடித் தொடர்புடையவை. கரிய இல்மனைட் என்பது இரும்பும் டைட்டானியமும் சேர்ந்த தாது. அதிலிருந்து இரும்பை நீக்கிப் பெறும் டைட்டானியம் டை ஆக்சைடு, பெயின்ட் தொழிலில் மிகுதியாகப் பயன்படும் வெண்ணிறமி. அதைத் தயாரிப்பதற்காகவே 1946இல் திருவனந்தபுரத்துக் கொச்சுவேளியில் திருவிதாங்கூர் டைட்டானியம் நிறுவனம் தொடங்கப்பட்டது. வடக்கே சேர்த்தலைப் பகுதியில் கிடைக்கும், மலையாளத்தில் ‘பஞ்சாரமணல்’ எனப்படும் தூய வெண்மணல், கண்ணாடி செய்வதற்கு உகந்த சிலிக்கா. ஆக, ஒரே கடற்கரையின் வெண்மணல் உருகித் தொட்டியின் கண்ணாடியாகிறது. கருமணல் வெளுத்துச் சுவருக்குப் பூசும் வெண்சாயமாகிறது. நிறத்தை வைத்து ஒரு மணலின் பயனை முடிவுசெய்வது எவ்வளவு போதாத முறை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று கிடைப்பது அரிது.

அப்படியானால் இக்கரையின் கருமணலை அள்ளித் தொட்டியில் பரப்பலாமா என்றால், கூடாது. முதலாவது, மோனசைட் தோரியம் கொண்ட, சிறிதளவு கதிரியக்கமுள்ள கனிமம். அணுசக்திச் சட்டத்தின் கீழ் கட்டுப்படுத்தப்பட்ட பொருள். கரையிலிருந்து மணல் எடுப்பது கரையையும் அரிக்கும். இரண்டாவது, கருமணலில் கலந்திருக்கும் காந்தத்தன்மையுள்ள துகள்கள் ஃபில்டர் மோட்டாரின் காந்தத்தில் ஒட்டிக்கொண்டு அதைத் தேய்க்கும். பாசியைத் துடைக்கும் காந்தத் துடைப்பானில் ஒட்டினால் கண்ணாடியைக் கீறும். சாதாரணக் கடற்கரை மணலுக்கோ வேறு குறை உண்டு: அதிலுள்ள கிளிஞ்சல் துகள்கள் கால்சியம் கார்பனேட் ஆகையால் நீரில் மெல்லக் கரைந்து அதைக் கடினநீராக்கும். செம்பாறை நிலத்துக் கிணறுகளின் மென்மையான, சற்றே அமிலத்தன்மையுள்ள நீரில் இந்தக் கரைவு இன்னும் விரைவாகவே நிகழும். மணலின் மேல் சில துளி வினிகரை விட்டு, நுரைக்கிறதா என்று பார்த்தால் கிளிஞ்சல் இருப்பது தெரிந்துவிடும். உவர்நீரில் வாழப் பழகிய கரிமீனுக்கும் பள்ளத்திக்கும் அது தீங்கு செய்வதில்லை, ஓடைமீன்களுக்கு ஒவ்வாது.

திருவிதாங்கூர் ஓடைமீன்களை உலகுக்கு அறிமுகப்படுத்தியவர்களுள் முதன்மையானவர் சென்னைப் படைப்பிரிவில் மருத்துவராயிருந்த ஃபிரான்சிஸ் டே. செங்கோடும் கருங்கோடும் ஓடும் ‘மிஸ் கேரளா’ மீனை முண்டக்கயத்திலிருந்து கிடைத்த மாதிரியைக் கொண்டு 1865இல் விவரித்து, அப்போதைய சென்னை ஆளுநர் டெனிசனின் பெயரை அதற்குச் சூட்டியவர் அவரே. 1990களில் ஏற்றுமதிச் சந்தையில் அதற்கு ஏற்பட்ட மவுசு, இயற்கையிலிருந்து அளவுகடந்து பிடிக்கப்படக் காரணமாகி, இன்று அது அழியும் நிலையிலுள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிறது. பாறையும் கூழாங்கல்லும் கிடக்கும், மர நிழல் விழும் ஓடைகள் அதன் இருப்பிடம். அங்குத் தரை பழுப்பும் சாம்பலுமாக, ஒருபோதும் பளிச்சென்று இல்லாமல் இருக்கும். நீர்மட்டத்தை ஒட்டி நீந்தும் மானத்துக்கண்ணியின் உடலில் மின்னும் புள்ளி வரிசைகள், அடியில் இருள் இருந்தால்தான் பார்வைக்கே வரும்.

தரையை உண்மையாகவே உடலால் பயன்படுத்துவது அயிரை. சங்கப் பாடல்களிலேயே இடம்பெற்று, இன்றும் தென்தமிழ்நாட்டுக் குழம்புச்சட்டியில் புகழோடு விளங்கும் இந்தச் சிறுமீன், அச்சம் கண்டால் மணலுக்குள் புதைந்து கண்களை மட்டும் வெளியே நீட்டிக்கொள்ளும்; இரை தேடும்போது மணலை வாயால் அள்ளிச் செவுள் வழியே சலித்து வெளியேற்றும். அதன் உடலில் உள்ள பழுப்புத் திட்டுகள் ஆற்றுமணலின் கலப்பு நிறத்தோடு அப்படியே பொருந்துகின்றன. வெள்ளை, கருப்பு, பழுப்பு எல்லாம் கலந்த உருண்ட ஆற்றுமணலே அதற்கு ஏற்றது. கல்லை உடைத்துச் செய்யும் எம்-சாண்டின் கூர்முனைகள் அதன் மீசைகளைக் கிழித்துவிடும். நீலமும் இளஞ்சிவப்புமாகச் சாயமிட்ட கற்களைப் பரப்பிய தொட்டியில் அயிரை புதையவும் முடியாது, மறையவும் முடியாது. அத்தகைய கற்கள் சிறுவர்களின் மகிழ்ச்சிக்கு உதவலாமேயன்றி மீனுக்கு எவ்வகையிலும் உதவுவதில்லை.

பின்புலத்தின் அண்மைக்கால வரலாறு தொட்டி கட்டும் முறையோடு பிணைந்தது. கோண இரும்புச் சட்டத்தில் மக்கு வைத்து ஒட்டிய பழைய தொட்டிகளின் இடத்தை, 1960களுக்குப் பிறகு சிலிக்கான் பசையால் ஒட்டிய முழுக் கண்ணாடித் தொட்டிகள் பிடித்தன. பின்கண்ணாடி வழியே சுவரும் மின்கம்பியும் தெரிவதை மறைக்கப் பவளப்பாறை அச்சிட்ட நீல நிறத் தாள் கடைகளுக்கு வந்தது. நன்னீர் மீனுக்குப் பின்னால் கடற்பவளம் என்பது பொருந்தாத சேர்க்கை. என்றாலும் அதன் பெருங்குறை வேறு. தாளுக்கும் கண்ணாடிக்கும் இடையில் காற்று நிற்பதால், சாய்வாகப் பார்க்கும்போது பின்கண்ணாடி ஆடியைப் போல வெள்ளி நிறத்தில் மின்னி, படத்தையே மறைத்துவிடும். மீனும் தன் பிம்பத்தை இன்னொரு மீன் என்று எண்ணி அதோடு மோதும். எண்ணெயோ சோப்புநீரோ மெல்லத் தடவித் தாளை ஒட்டினால் இது தீரும். வெளிப்புறத்தில் கருப்போ அடர்சாம்பலோ பெயின்டாகப் பூசிவிடுவது அதைவிட நிலையான வழி. வலியசாலையின் பழைய அக்கிரகார வீடுகளைப் போலப் பக்கச்சுவர்கள் ஒட்டிய வரிசை வீடுகளில் வெளிச்சம் தெருவாசலிலிருந்தும் முற்றத்தின் மேலிருந்தும் மட்டுமே வரும். முற்றத்தை ஒட்டிய கூடத்தில் தொட்டி வைத்தால் ஓடையைப் போலவே ஒளி மேலிருந்து விழும். ரேழியில் வைத்தாலோ வாசல் வெளிச்சம் தொட்டிக்குப் பின்னாலிருந்து வரக்கூடும். அப்போது மீன் வெறும் நிழலுருவாகத் தெரியுமாதலால், அந்தப் பக்கத்தை முழுவதும் கருமையாக்குவது தவிர வேறு வழியில்லை.

மணலுக்கு வருவோம். கேரளத்தில் 2001ஆம் ஆண்டின் ஆற்றங்கரைப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு ஆற்றுமணல் எடுப்பது கட்டுப்பாட்டுக்குள் வந்துவிட்டது. அதற்கு முன்பே மணல் அள்ளி அள்ளிப் பல ஆறுகளின் படுகை தாழ்ந்துபோயிருந்தது. மீன்தொட்டிக்கு வேண்டியது சில கிலோ மட்டுமே என்றாலும், மீனின் வீட்டைக் கெடுத்து மீன்தொட்டியை அழகுபடுத்துவது ஏற்கத்தக்கதன்று. பழைய கட்டடம் இடிக்கும் இடங்களில் பூச்சுக்கலவை படாமல் எஞ்சிய மணலும், குடிநீர் வடிகட்டிகளுக்கென விற்கப்படும் சலித்த குவார்ட்ஸ் மணலும் இதற்குப் போதும். ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் பருமனுள்ள மணிகளாகச் சலித்து, கழுவும் நீர் தெளியும்வரை அலசி, முன்புறம் தாழ்ந்தும் பின்புறம் உயர்ந்தும் பரப்ப வேண்டும். மாவு போன்ற மென்மணல் இறுகிக் காற்றுப் புகாத அடுக்காகி, அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடு உண்டாக இடமளிக்கும். வெண்மணல்தான் கையில் இருக்கிறது என்றால், உலர்ந்த பாதாம் இலைகளை அதன் மேல் இட்டு, செடிகளால் நிழல் உண்டாக்கி, அதன் பளபளப்பைத் தணித்துக்கொள்ளலாம். புதிய மணலின் மேல் மீனின் நிறத்தை முதல் நாளிலேயே எடைபோட வேண்டாம். நிறமி அணுக்கள் பெருகுவதற்கும் குறைவதற்கும் வாரங்கள் ஆகுமாகையால், ஒரு மாதமாவது பொறுத்துப் பார்த்த பிறகே மணலை மாற்றுவதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டும்.